காலி வீட்டில் சூடான சோறு

“சார், பச்சை கேட்டுன்னு சொன்னீங்களே, கதவுல பூட்டே காணோமே?” என்று போனில் கேட்டான் பக்தவச்சலம்.

“சும்மா சாத்திதான் கீது. காலி வூடுதானே, தள்ளிகினு போய்ப் பாருங்க,” என்றார் வீட்டுக்காரர் ஜான்சன், சென்னையிலிருந்து.

மதுராந்தகத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு மாற்றல். போன முறை செல்போனில் வந்த படத்தை நம்பிக் குடிபோய், குளியலறைக்குக் கதவே இல்லாமல், உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று பாடிக்கொண்டே குளித்த குடும்பம் அது. “இந்தத் தடவ நேர்ல பாக்காம அட்வான்ஸ் குடுத்தா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்,” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள் மனைவி பரிமளா.

தள்ளினான். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. எங்கிருந்தோ சாம்பிராணிப் புகை. மூக்குக்கண்ணாடி மங்கியது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனவன், அப்படியே நின்றான்.

தரையில் தலைவாழை இலை. சோற்றில் ஆவி பறந்தது. மீன் குழம்பு, நெத்திலி வறுவல், பக்கத்தில் ஒரு டம்ளர் பிராந்தி. ஆளரவமே இல்லை.

மறுபடி போன் போட்டான். “சார்... இங்க யாரோ சமைச்சி வெச்சிருக்காங்க.”

“இன்னா சார் வெளாடறீங்களா? மூணு மாசமா அங்க ஒரு ஆளு இல்ல.”

வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னலை நோக்கி நகர்ந்தான். கால் இடறி டம்ளர் உருண்டது.

மூடியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. “வந்துட்டாருடி... சரக்குலதான் மொதல்ல கை வெச்சிகீறாரு.”

“யா... யாரு?”

விசும்பல் கேட்டது. “கொரலு எப்படிக் கம்மிப்போச்சி பாரு...”

பக்தவச்சலம் வாசலுக்குப் பாய்ந்தான். அதற்குள் கடல்காற்று கதவை அறைந்து சாத்தியது. இழுத்தான், கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

“அம்மா, நான் வூடு பாக்கத்தான் வந்தேன்! போயிடறேன்!”

“நல்லாப் பாத்துக்கய்யா, ஒன் வூடுதானே!” என்று அலறியது குரல். “வந்தது வந்துட்ட, துன்னுட்டுப் போ!”

மறுத்தால் என்ன ஆகுமோ! உட்கார்ந்தான். ஒரு கவளம் வாயில் போட்டான். பயத்திலும் நாக்கு மட்டும் தன் வேலையைச் செய்தது. குழம்பு அப்படி ஒரு ருசி. கந்த சஷ்டியையும் ஆஞ்சநேயரையும் மாற்றி மாற்றி முணுமுணுத்தபடியே, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டான்.

“போதுமாய்யா?”

“போதும்! இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்!”

உள்ளே ஒப்பாரி வெடித்தது. அவன் கதவிடுக்கில் விரல்களை விட்டு இழுத்த இழுப்பில் கதவு திறந்துகொள்ள, தெருவில் போய் விழுந்தான். எழுந்து கண்ணாடியை மாட்டினால், பக்கத்து வீட்டிலும் பச்சை கேட்டு, அதில் ‘வாடகைக்கு’ பலகை. செருப்பைத் தேடுவதற்குள் பின்னால் ஜன்னல் படீரென்று திறந்தது. உள்ளேயிருந்து அதே பெண்ணின் குரல் தெருவுக்கே கேட்டது:

“உசுரோட கீற வரைக்கும் என் கொழம்ப ஒரு நாளு நல்லாகீதுன்னு சொன்னதில்ல மனுசன், இன்னிக்கிப் படையலுக்கு வந்து எலைய எப்படி வழிச்சித் துன்னுட்டுப் போயிகீறாரு பாருங்கடி!”