பால்கனித் தம்பி

“உள்ள இன்னொருத்தர் தங்கியிருக்காராமே?” என்று ஹவுஸ் ஓனர் கேட்டபோது டெலிபோனம்மாவின் விரல்களில் ஈர மண் ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“யாரு சொன்னா?”

“கீழ எங்க வீட்டம்மாவே கேட்டிருக்கா. தினம் காலையில பால்கனியில பேச்சு. ‘தண்ணி போதுமா ராசா? வெளிச்சம் படாம இழுத்துப் போத்திக்க. நல்லாத் தூங்கு.’ விடிஞ்சப்புறம் யாரைத் தூங்க வைக்கிறீங்க? ஒரு ஆளுக்குன்னுதானே வீடு விட்டேன்?”

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முகம் தெரியாதவர்களோடு பேசியே காலம் தள்ளியவள் என்பதால் அந்தப் பெயர். வேலை ஓய்ந்து, கணவரும் போன பிறகு, அவள் வீட்டு டெலிபோன் அடித்தால் அது ராங் நம்பராகத்தான் இருக்கும். அவர்களிடமும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசப் பார்ப்பாள். வைத்துவிடுவார்கள்.

கூடையில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்குகளை எறிய மனம் வராமல், இரண்டு சாக்கில் மண் நிரப்பிப் பால்கனியில் நட்டிருந்தாள். கிழங்கின் மேல் வெயில் பட்டால் பச்சை பூத்துக் கசந்துவிடும். அதனால் தினமும் காலையில் மண்ணை அணைத்து மூடுவாள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா?

ஆனால் கிழங்கோடு பேசுகிறேன் என்று எப்படிச் சொல்வது? புத்தி பிசகிவிட்டது என்று காலி செய்யச் சொன்னால், இந்த வயதில் தனியாளுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்?

“தம்பி வந்திருக்கான்” என்றாள்.

“அப்படியா? கூப்பிடுங்க, பார்த்துட்டுப் போறேன்.”

“உடம்பு சரியில்ல. படுத்திருக்கான்.”

ஓனர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஓனரம்மா ரொட்டியும் பாலுமாக ஏறி வந்தாள்.

“நீங்க ஒண்டியா எப்படிக்கா சமாளிப்பீங்க? தம்பிக்குக் குடுங்க.”

பிறத்தியார் கையால் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. டெலிபோனம்மா கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, டம்ளரில் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

மறுநாள் ஓனரம்மா காலி டம்ளரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். “பரவாயில்லையே, நல்லாப் பசிக்குது போல. சாயங்காலம் எங்க டாக்டரையே கூட்டிட்டு வரேன்.”

“வேணாம்மா. கிட்டப் போகக் கூடாதாம். தொத்திக்குமாம்.” வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். ஓனரம்மா இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அடுத்து ஓனர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படியின் பாதியிலேயே நின்றார்.

“ஒண்ணு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இல்ல, ரெண்டு பேரும் இன்னிக்கே காலி பண்ணுங்க.”

இனி மூடி மறைக்க வழியில்லை. “நோயெல்லாம் ஒண்ணுமில்ல, வந்து பாருங்க” என்று ஓனரையும் ஓனரம்மாவையும் பால்கனிக்கு அழைத்துப்போய்ச் சாக்கைக் காட்டினாள். “இவன்தான்.”

ஓனர் எட்டி நின்றபடியே குனிந்து பார்த்தார். “இதுக்குள்ள யாரு?”

“உருளைக்கிழங்கு.”

ஓனரம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்ப நம்ம ரொட்டியத் தின்னது?”

“நான்தாம்மா.”

ஓனரம்மாவின் சிரிப்பு அடங்கிப்போயிற்று. டெலிபோனம்மாவின் தோளைத் தொட்டாள். ஓனர் துண்டை அவிழ்த்தார்.

“வீட்டைக் காலி பண்ண வேணாம். செடியும் இருந்துட்டுப் போகட்டும். பேச்சு மட்டும் வேணாங்க. நாலு பேர் ஒரு மாதிரி நினைப்பாங்க.”

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. காலையில் தண்ணீர் விட்டாள், மண்ணை அணைத்தாள், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் வீடு முழுவதும் கேட்டது. ராங் நம்பர்கூட வரவில்லை. செடிகள் என்னவோ முன்பைவிடச் செழிப்பாகத்தான் இருந்தன. தன் பேச்சு அவற்றுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதே இல்லை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அந்த வாரக் கடைசியில், காலை வேளையில் யாரோ கதவைத் தட்டினார்கள். காவலாளி உடுப்பில் ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“பக்கத்து வீடும்மா. உங்க பால்கனித் தட்டிக்கு அந்தப் பக்கம்.”

“அங்க ஆள் இருக்கா? கதவு எப்பவும் சாத்தியே கிடக்குமே. காலி வீடுன்னுல்ல நினைச்சேன்.”

“ராத்திரிக் காவல் வேலைம்மா. விடிஞ்சு வந்துதான் படுப்பேன். நானும் ஒண்டிதான்.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். “என்மேல ஏதாவது கோவமாம்மா? நான் ஒரு நாளும் பதில் பேசலைன்னுதானா?”

“உங்களை இப்பத்தானே பார்க்கிறேன். எனக்கென்ன கோவம்?”

“இல்லம்மா… இப்பல்லாம் நீங்க என்னைத் தூங்கச் சொல்றதே இல்லையே.”