சூதாட்டத் தளத்துக்கு நான் சொன்ன நன்றி

ஹனோவர்,
ஞாயிற்றுக்கிழமை

கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலையோடும் கடவுள் கிருபையோடும் வாழும் மருமகன் இளங்கீரனுக்கு, மாமா அரியரத்தினம் அன்போடு எழுதுவது. இங்கே எல்லோருடைய உடம்பும் சுகம். மனங்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் முந்தநாள் நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கடிதமென்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

என் தோட்டத்துப் புடலங்காயையும் பாகற்காயையும் பற்றி எழுத நீதான் எனக்கு ஒரு வலைத்தளம் செய்து தந்தாய். யார் வருகிறார்கள், எந்தத் தளம் அவர்களை அனுப்பிவைத்தது என்று பார்க்க ஒரு பக்கமும் காட்டித் தந்தாய். அதுதான் நீ செய்த பிழை. முதலில் அதில் நீயும் மாமியும்தான் இருந்தீர்கள். பிறகு பார்த்தால் ரஷ்யாவில் ஒரு தளம் தினமும் எனக்கு ஆள் அனுப்புகிறது, பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் வேறொன்று. அங்கேயும் குளிர்தானே, அவர்களுக்கும் புடலங்காய் போட ஆசை இருக்காதா என்று நினைத்தேன். யாரென்று போய்ப் பார்த்திருக்கலாமே என்கிறாய். தெரியாத இணைப்பை அழுத்தவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னது யார்? இந்தக் குடும்பத்தில் உன் சொல் கேட்டு நடந்தவன் நான் ஒருவன்தான், அதற்குத்தான் இந்தத் தண்டனை.

எங்கள் மகள் தேனுஜாவும் சதீசனும் விரும்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். சதீசனின் தகப்பன், பான் நகரத்து நாகமுத்து அண்ணை, ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கலியாணம். அவருக்கு எங்கள் மதிப்பைக் காட்டத்தான் தளத்தின் முதலாம் ஆண்டு விழாவை மண்டபம் எடுத்து வைத்தேன், அவரையே பிரதம விருந்தினராக அழைத்துப் பொன்னாடையும் போர்த்தினேன். கடைசியில் நன்றியுரை. எங்கள் ஆட்களின் நன்றியுரை என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? போன வருடக் கலைவிழாவில் வடை சுட்ட கம்சனாவின் பெயரை ஒருவர் விட்டுவிட்டார், இன்றைக்கும் அந்த இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறது. அதனால் உன் மாமி காலையிலேயே சொல்லிவிட்டாள், "இஞ்சருங்கோ, ஒருத்தற்ற பேரையும் விட்டுடாதேங்கோ. பேந்து ஆயுசுக்கும் கோவம்."

நான் விடவில்லை, மருமகன். ஒலிவாங்கி தந்தவர், கதிரை அடுக்கியவர், சிற்றுண்டிக்கு ரோல்ஸ் சுற்றியவர் எல்லோருக்கும் சொல்லி முடித்து, "கடல் கடந்து எமக்கு வாசகர்களை அனுப்பிவைக்கும் பெருந்தகையோருக்கும்" என்று தொடங்கி அந்தத் தளங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் "நிறுவனத்தார்" சேர்த்து வாசித்தேன். முன்வரிசையில் இருந்த எங்கள் தோட்டச் சங்கத் தலைவி, அந்த ஜெர்மன் அம்மாவின் முகம் சிவந்தது. ரோல்ஸில் மிளகாய் கூடிப்போச்சு என்று நினைத்தேன். பின்வரிசை இளசுகள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறிவிப்பாளர் ஜெசிந்தன் வந்து என் கையைப் பிடித்து, "அண்ணை, காணும், இறங்குங்கோ" என்றான். நேரம் போகிறது என்கிறான் என்று எண்ணி, "பொறும் தம்பி, இன்னும் கொஞ்சப் பேர் இருக்கினம், விட்டால் மனம் நோவினம்" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லி, மிச்சத்தையும் சத்தமாக வாசித்தேன். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, ஒன்று சூதாட்டத் தளம். ஒன்று உடம்பு மெலிய மருந்து விற்பது. மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது, உடுப்பில்லாத பெண்களுடைய விஷயம். "உங்கள் ஆதரவு என்றென்றும் தொடர வேண்டும்" என்று அவர்களை நான் கும்பிட்டும் இருக்கிறேன்.

நாகமுத்து அண்ணை எழும்பினார். பொன்னாடையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து போன் எடுக்கிறாரில்லை. "அப்பா, நீங்கள் என்ர வாழ்க்கையையே குழப்பிப்போட்டீங்கள்" என்று தேனுஜா அழுதாள், அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பிள்ளை கதைக்காத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, இளங்கீரன்.

நீ முந்தநாள் சிரிப்புக்கு நடுவில் சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. "மாமா, அங்கயிருந்து ஒரு மனிசரும் வரேல்லை. மெசின்தான் வந்து தங்கட பேரை உங்கட வருகைப் பதிவில போட்டிட்டுப் போகுது. ஆர் எண்டு பார்க்க நீங்கள் அங்க போவீங்கள் எண்டுதான் இந்தச் சுத்துமாத்து." ஆகவே நீ நாகமுத்து அண்ணையை எப்படியாவது பிடித்து, அதெல்லாம் பொய்ப் பதிவு, அப்படி ஒரு வாசகரும் இல்லை, எங்கள் மாமா ஒன்றும் அறியாதவர் என்று கணினிக்காரர் கதைக்கிற மாதிரிக் கதைத்து விளங்கப்படுத்த வேண்டும். அது முடிந்த கையோடு என் தளத்தை மூடிவிடு. புடலங்காயை நான் தின்றால் போதும், எழுத வேண்டாம்.

உன் கண்ணுக்கும் முதுகுக்கும் நோய்நொடி வராமல் நல்லூரான் காக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாதே.

உன் நன்மையையே என்றும் நினைக்கும்
மாமா அரியரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது நாகமுத்து அண்ணையிடமிருந்தே போன் வந்தது. அவர் வெண்பா எழுதுவார் என்று தெரியும், அதற்கென்று ஒரு தளம் வைத்திருக்கிறார் என்று தெரியாது. "அரியரத்தினம், உதே ஆக்கள்தான் என்ர தளத்துக்கும் வருகினம். என்ர வெண்பாவின்ர அருமை வெளிநாட்டாருக்கு விளங்குது எண்டு மனிசிக்கும் சொல்லி வச்சனான். நீர் மேடையில அவையின்ர பேரைச் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு தாங்கேல்லை. உண்மையைச் சொல்லும், என்னைவிட உமக்கு ஆக்கள் கூடவோ?" என்றார். "இல்லை அண்ணை, உங்களுக்குத்தான் கூட" என்றேன். "அப்ப தையில கலியாணத்தை வைப்பம்" என்றார். தேனுஜா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

மேலே நான் கேட்டதை மாமி உனக்கு ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாளாம். அவருக்கு ஒன்றையும் விளங்கப்படுத்தாதே! விளங்கப்படுத்திவிட்டாயென்றால், உடனே அவரைத் திரும்பக் கூப்பிட்டு உனக்குக் கணினியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லிவிடு. பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறும் வரைக்கும் உலகம் அவருடைய வெண்பாவை வாசித்துக்கொண்டே இருக்கட்டும்.