பிளம்பர் விசாவும் தச்சன் சக்கரவர்த்தியும்

ஜமுனாமரத்தூர்
12-3-1984

துபாயில் இருக்கும் அன்பு மச்சான் வடிவேலுவுக்கு மாமா சக்கரவர்த்தி எழுதுவது. நானும் உன் அக்கா அம்சவல்லியும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

இங்கே வருஷத்துக்கு நாலு கதவு செய்தால் அதிகம் என்பதால்தான் உன் அரபு முதலாளி மூலம் எனக்கு விசா வாங்கினாய். அது உன் நல்ல மனசு. ஆனால் அவர் பிளம்பர் வேண்டும் என்று கேட்டதற்கு, "எங்க மாமாவே பிளம்பர்தான்" என்று ஏனப்பா சொன்னாய்? பாஸ்போர்ட் விசாரணைக்கு மலையேறி வந்த போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாய்யா, பிளம்பர்னு எழுதிக்கீறே? இந்த மலையில குழாய் எங்க கீது?" என்றார். "இனிமேதாங்க வரும்" என்றேன். பிறகு வேலை பழகப் போளூர் போய், ஒரு லாட்ஜில் குழாய் வேலை பார்க்கும் சுப்பிரமணியிடம் நாலு நாள் நின்றேன். மூன்றாம் நாள் நான் எதையோ திருக, மாடியில் குளித்துக்கொண்டிருந்த மனிதர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. நாலாம் நாள் சுப்பிரமணி, "அண்ணே, நீங்க வூட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்றான். மறுபடி வரச் சொன்னதாகத் தோன்றவில்லை.

போன வாரம் சென்னையில் தொழில் பரீட்சை. பரீட்சை வைக்கும் அதிகாரி ஒவ்வொரு தரமும் அறைக்கதவைத் தோளால் இடித்துத்தான் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் நின்றவரிடம் திருப்புளி வாங்கிக் கீலை முடுக்கிச் சரிசெய்தேன். அதோடு வந்திருக்கலாம். உள்ளே போய் இரண்டு குழாயை இணைத்தேன். தண்ணீரைத் திறந்ததும், அது போக வேண்டிய இடத்தை விட்டு அதிகாரியின் சட்டைக்குப் போனது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது இடிக்காமல் திறக்கும் கதவைப் பார்த்தபடி, "உண்மையைச் சொல்லுங்க, நீங்க தச்சர்தானே?" என்றார். வாய் தவறி "ஆமாங்க" என்றுவிட்டேன். ஏதோ எழுதிக்கொண்டு, போகச் சொன்னார்.

மச்சான், எனக்கு அலுத்துவிட்டது. விசாவில் ஒரு தொழில், கையில் ஒரு தொழில் என்று அங்கே வந்து இறங்கினால், என்னைத் திருப்பி அனுப்புவதோடு விடுவார்களா? எனக்காக வாக்குக் கொடுத்த உன் வேலையும் போகும். முதலாளியிடம் உண்மையைச் சொல்லி அந்த விசாவை ரத்து செய்துவிடு. உன் அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. அங்கே நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா சக்கரவர்த்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தபால்காரர் வந்தார். நான் பிளம்பர் பரீட்சையில் தேறிவிட்டேனாம், அந்தக் கதவுக்குக் கிடைத்த மார்க்காகத்தான் இருக்கும். இருபத்தொன்றாம் தேதி விமானம். மேலே எழுதியது எதையும் முதலாளியிடம் சொல்லிவிடாதே. அம்சவல்லி பேசிவிட்டாள். பெட்டி அடுக்கிக்கொண்டே, "உளியும் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். துணிக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.