நான் நிரப்பிய இரண்டு மூட்டை

நாற்பது வயதுக்கு மேல் ஆளுக்கொரு வியாதி வருகிறது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்கு வந்தது பொறாமை. அதுவும் பெரிய மனிதர்கள் யார் மேலாவது வந்திருந்தால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். என் சகலை சேகர் மேல் வந்தது.

சேகர் என் மனைவி கலாவின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். பழவேற்காட்டிலேயே பிறந்து, என் மாமனாரைப் போலவே ஏரியில் வலை போடுகிறவன். நான் பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே குடிவந்து, மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவன். மாமனார் வீட்டில் என்னை "வாங்க மாப்ள" என்று நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அவனை "வாடா" என்று அடுப்படி வரைக்கும் கூட்டிப்போவார்கள். (நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வறுத்த மீனில் இரண்டாம் ஈடுதான் வந்து சேரும். முதல் ஈடு அடுப்படியிலேயே தீர்ந்துவிடும்.)

இது போதாதென்று போன வருஷம் சேகர் ஓட ஆரம்பித்தான். தனியாக ஓடியிருந்தால் எங்கேயோ ஓடட்டும் என்று விட்டிருப்பேன். பதினைந்து பேரைச் சேர்த்து ஓட்டக் குழுவே ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆளுக்கொரு சாக்கோடு படகுத்துறையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஓடுவார்கள். வழியில் கிடக்கிற பிளாஸ்டிக், முள்ளில் மாட்டிய வலைத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். திரும்பும்போது நடமாட முடியாதவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார்கள். கடைசியில் மீன் ஏலக்கூடத்தில் மூட்டைகளை எண்ணி, அதிகம் சேர்த்தவரை நடுவில் நிறுத்தி ஒரு போட்டோ. அது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வரும். வாராவாரம் நடுவில் சேகர்தான் நிற்பான். கலா அதற்குச் சிவப்பு இதயம் போடுவாள். எங்கள் கல்யாண நாளுக்கு நான் போட்ட போட்டோவுக்கு அவள் கட்டைவிரல்தான் தூக்கியிருந்தாள்.

ஒரு நாள் அந்த இதயத்தைப் பற்றிக் கேட்டே விட்டேன். கலா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "இங்க குந்திக்கினு வயிறு எரியறதுக்கு நீயும் போய் ஓடேன்யா."

போனேன். சேகர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "வாண்ணா, வாண்ணா" என்று கையைப் பிடித்து எல்லோருக்கும் அறிமுகம் செய்தான். ஒரு மனிதன் மேல் பொறாமைப்படும்போது அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தால் எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

முதல் வாரம் ஐஸ் கம்பெனி வரைக்கும் ஓடினேன். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு ஓட்டம் என்று பெயர் வைக்க முடியாது. ஓட முடியாததுகூடப் பெரிய விஷயமில்லை. எல்லோருக்கும் கடைசியில் வருகிறவனுக்கு வழியில் குப்பையே கிடைக்காது. முன்னால் போன பதினைந்து பேரும் துடைத்து வைத்த மாதிரி பொறுக்கியிருப்பார்கள். இரண்டு வாரத்தில் என் சாக்கில் விழுந்தது ஒற்றைச் செருப்பும் ஒரு ஷாம்பு கவரும். அந்தச் செருப்பையும் ஒருவர் வந்து தன்னுடையது என்று வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் வாரம் நான் ஒரு முடிவோடு கிளம்பினேன். எல்லோரும் ரோட்டில் ஓட, நான் நைசாகப் பிரிந்து ஏரிக்கரையோரமாக நடந்தேன். கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலி பாட்டில்கள் வரிசை வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பாட்டில்கள் கயிற்றில் கட்டியிருந்தன. கழுத்தில் ஊதா நிறத் துணி வேறு சுற்றியிருந்தது. குப்பை தன்னைத்தானே கயிற்றில் கட்டிக்கொண்டு, துணியும் சுற்றிக்கொள்ளுமா என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். நான் யோசித்ததெல்லாம், நடுவில் நிற்கும்போது சட்டை ஈரமாகத் தெரியுமே என்பதுதான். வலைத்துண்டு அறுக்க ஆளுக்கொரு சின்னக் கத்தி கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒன்று விடாமல் அறுத்தேன். மொத்தம் நாற்பதுக்கு மேல் இருக்கும்.

ஏலக்கூடத்துக்கு நான் இரண்டு மூட்டைகளை இழுத்துக்கொண்டு வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். கரை ஒதுங்கிய பாட்டில்கள் வாராவாரம் வருவதுதான் என்பதால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. சேகருக்கு அன்று ஒரே மூட்டை. என்னை நடுவில் நிறுத்தி, நாலு பாட்டிலை மாலை மாதிரி கழுத்தில் போட்டு, போட்டோவை அவனே எடுத்தான், அவனே அனுப்பினான். அடுத்த நிமிஷமே கலாவின் சிவப்பு இதயம் வந்தது. நான் அதைப் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தேன்.

அங்கே வீட்டில் கலா போட்டோவைப் பெரிது பண்ணிப் பார்த்திருக்கிறாள். இதயம் காணாமல் போனது. போன் அடித்தது.

"கய்த்துல இன்னாயா அது? என் ஊதா பொடவ."

தலைத் தீபாவளிக்கு நானே எடுத்துக் கொடுத்த புடவை. பழசானதும் மாமனார் அதைக் கிழித்துத் தன் மிதவைகளுக்குக் கட்டியிருந்தார். இங்கே காலி பாட்டில்தான் மிதவை. கழுத்துத் துணியின் நிறம்தான் எந்த வீட்டு வலை என்பதற்கு அடையாளம். மிதவை இல்லாவிட்டால் வலை ஏரியின் அடியில் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் ஊர் வயலில் பாட்டில் கிடந்தால் அது வெறும் பாட்டில்தான்.

அதற்குள் சேகரின் போனில் மாமனார் வந்துவிட்டார். அன்று அவருடைய பாடு. அந்த இடத்தில் வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு; அதைத்தான் பாடு என்பார்கள். அவர் முறை பதினைந்து நாளைக்கு ஒருதரம்தான் வரும். படகில் போய்ப் பார்த்தால் ஒரு வலையும் காணவில்லை. குரல் நடுங்கியது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

எல்லோரும் ஓட்டச் சட்டையோடு ஏரியில் இறங்கினோம். கைகோத்து வரிசையாக நின்று, காலால் தடவித் தடவி நடந்தோம். இவ்வளவு நாளில் அந்தக் குழுவுக்கு அதுதான் சரியான உடற்பயிற்சி. சேகர் காலுக்கு மூன்று வலை தட்டுப்பட்டது. ஒரு வலையை நானும் கண்டுபிடித்தேன். அதாவது, அதில் மாட்டியிருந்த நண்டு என் கட்டைவிரலைக் கண்டுபிடித்தது. வலைகளைத் தூக்கிக் கரைக்கு வந்தபோது காலை ஏலம் முடிந்து வியாபாரிகள் போய்விட்டிருந்தார்கள். மாமனார் நண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது சேகர் முன்னால் போனான். "எங்க குழு மேலதான் தப்பு மாமா. பாட்டில பொறுக்க சொன்னது நான்தான். அண்ணன ஒண்ணும் சொல்லாத."

மாமனார் முகம் கொஞ்சம் இளகியது. அவன் தோளில் கை வைக்கப் போனார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் பண்ணின தப்பு, என் நண்டுக்கடி, அதற்கும் நல்ல பெயர் இவனுக்கா?

"இல்ல மாமா, நான்தான் அறுத்தேன். ஒவ்வொண்ணா நான்தான் அறுத்தேன்" என்று கத்திவிட்டேன். (அதை நேர்மை என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.)

மாமனார் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அறிவு கீதாடா உனக்கு?" என்றார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை முதல்முதலாக 'டா' போட்டார். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது பாட்டிலையும் திரும்பக் கட்டினேன். நான் போட்ட முடிச்சுகளை அவிழ்த்து அவர் மறுபடி போட்டார். விற்காத நண்டை மாமியார் குழம்பு வைத்துக் குழுவுக்கே ஊற்றினார். நான் அடுப்படியில்தான் சாப்பிட்டேன்.

இப்போது மாமனார் வீட்டில் எனக்கு மட்டும் தண்ணீர் சொம்பில்தான் வரும். பாட்டில் கேட்டால், "அவன் கைல குடுக்காதீங்க, அறுத்துக்கினு பூடுவான்" என்று மாமியார் சொல்ல, வீடே சிரிக்கும். விருந்தாளி யாராவது காரணம் கேட்டால் சேகர் கதையை ஆரம்பிப்பான். நண்டு கடித்ததும் நான் துள்ளியதை நடித்தே காட்டுவான். கலா கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பாள். என் மானம் போன கதையைக்கூட என்னைவிட அவன்தான் நன்றாகச் சொல்கிறான். அவனுக்கு எழுத வராது என்று கேள்விப்பட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.