மோர்ப் பேய்க்கு அப்பன் யார்?

ஃபாக்ஸ் பெண்ட், விஸ்கான்சின்
மார்ச் 1984, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய டுவேன் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் கர்ட் எழுதுவது. ஜோலீன் அக்காவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்; அக்கா விஷயத்தில் மனதார, உங்கள் விஷயத்தில் முறைக்காக. என் நலத்தை விசாரிக்க வேண்டாம். அதைக் கெடுத்தவர்களில் பாதி நீங்கள், மீதி என் முதலாளி ஆர்டன்.

ஆர்டன் உங்கள் மேல் போட்ட வழக்கில், வியாழக்கிழமை நான் வக்கீல்கள் முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். பொய் சொன்னால் உங்கள் கம்பெனி போகும், அதோடு அக்காவின் வீடும் போகும். ஒரு பேய்க்காக ஒருவன் இந்த நிலைக்கு வரலாமா?

ஒரு காலத்தில் நீங்களும் ஆர்டனும் உங்கள் வீட்டு நிலவறையில் பிங்பாங் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒருவர் மந்திரவாதி ஒருவர் திருடன் என்று வேடம் கட்டி, வாயாலேயே பேய்களை வெட்டிச் சாய்த்தவர்கள். அப்போதெல்லாம் ஒருவர் சொன்ன பேயை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் பெருமைப்பட்டீர்கள். அந்த விளையாட்டைப் புத்தகமாகப் போட்டால் விற்கிறது என்று தெரிந்தது, அன்றோடு சரி. அவர் ‘இரும்புக் கோபுரம்’ என்று ஒரு கம்பெனி, நீங்கள் ‘ஆந்தைக்கல்’ என்று ஒரு கம்பெனி. மேசையை யார் எடுத்துப்போவது என்றுதான் முதல் வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பிறகு டிராகனின் வால் யாருடையது, குள்ளனின் தாடி யாருடையது என்று வரிசையாக வழக்கு. இந்த ஊரில் பால் பண்ணைகள் மூடிக்கொண்டிருக்கின்றன, வக்கீல் வீடுகளுக்கு மட்டும் மாடி ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது மோர்ப் பேய். அது எப்படிப் பிறந்தது என்று உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். நான் ஆர்டனுக்காக எழுதிக் கொடுத்தது ‘போர்ப் பேய்’. குருதி தோய்ந்த கொடியோடு வரும், அதன் முழக்கம் கேட்டால் படைகள் சிதறும், அது மிதித்த மண்ணில் புல் முளைக்காது. ராத்திரி பகலாக யோசித்து எழுதியது. ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் டெலோரிஸ் அக்காவிடம் ஆர்டன் முழுப் புத்தகத்தையும் கொடுத்து, அவசரம் அவசரம் என்று உயிரை வாங்கினார். அந்த ஏழைப் பெண்மணியின் களைத்த விரல் ஓர் எழுத்து தவறியது. புத்தகம் வந்தபோது குருதி, கொடி, முழக்கம் எல்லாம் அப்படியே இருந்தன, தலைப்பு மட்டும் ‘மோர்ப் பேய்’. ஆர்டன் தாம்தூம் என்று குதித்தார். “எந்த முட்டாள்டா இதை அடிச்சது?” என்று கத்தி, திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டச் சொன்னார். பிள்ளைகள் சீட்டைக் கிழித்துவிட்டு மோர்ப் பேயைக் கொண்டாடினார்கள். மில்வாக்கி விளையாட்டு மாநாட்டுக்குத் தலைவழியே மோரை ஊற்றிக்கொண்டு நாறிக்கொண்டே வந்தார்கள். மறுநாளே ஆர்டன் மேதையாகிவிட்டார். மோர்ப் பேய் பனியன், மோர்ப் பேய் பொம்மை. ‘எங்கள் ஈடற்ற கற்பனை’ என்று விளம்பரம்.

நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். ‘புளித்த மோர்ப் பேய்’ என்று ஒன்றைப் போட்டீர்கள். உங்கள் வக்கீல், ‘எங்கள் பேய் புளித்தது, அவர்கள் பேய் புளிக்காதது, ஆகவே இரண்டும் வேறு’ என்கிறார். படித்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் வக்கீல் லிண்ட்க்விஸ்ட் நேற்று எனக்கு ஒத்திகை வைத்தார். ஆர்டனும் பக்கத்தில் இருந்தார்.

“தம்பி, மோர்ப் பேய் உன் மனசுல எப்படி உதிச்சுது?”

“உதிக்கலைங்க. அச்சுப்பிழை.”

“அந்த வார்த்தை வாயில வரவே கூடாது. பிழைக்கு ஏதுப்பா உரிமை? கற்பனைக்குத்தான் உரிமை. சின்ன வயசுல மோர்னா உனக்குப் பயமா இருந்துதா?”

“இல்லைங்க, ரொம்பப் பிடிக்கும்.”

“பயமா இருந்துதுன்னு வச்சுக்க. ராத்திரியில டம்ளரைப் பார்த்தா அழுவே.”

“அப்படின்னா கற்பனை என்னோடதுன்னு ஆகுதே, புத்தகத்துல என் பேர் வருமா?”

ஆர்டன் சிரித்தார். “கற்பனை உன்னோடது, உரிமை கம்பெனியோடது. சேரும்போது கையெழுத்துப் போட்டியே, படிக்கலையா?”

அத்தான், இதுதான் இவர்கள் நியாயம். பிழை என்றால் நான் முட்டாள், மேதமை என்றால் கம்பெனி. எழுதுகிறவனின் தலை மட்டும் இவர்களுக்கு வேண்டும், அதன் மேல் இருக்கிற பேர் வேண்டாம். உங்களிடம் வேலை செய்கிற பையன்களும் அதே மாதிரிக் காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிட வந்த இடத்தில், கடையே கேட்க நீங்கள் என்ன சொன்னீர்கள்? “தூக்கத்துல அடிச்ச பிழைக்கு எவன்டா அப்பன்?” அக்கா உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் மீனைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே என் முடிவைக் கேளுங்கள். வியாழக்கிழமை உண்மையைத்தான் சொல்லப்போகிறேன்: அது அச்சுப்பிழை, களைத்துப்போன ஒரு தொழிலாளியின் கை தவறியது, அதற்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. இது உங்களுக்காக இல்லை. அக்காவுக்காகக்கூட முழுசாக இல்லை. உழைத்தவர்களை வைத்து நீங்கள் இரண்டு பேரும் ஆடுகிற ஆட்டத்தில் என் வாயையும் ஒரு பகடையாக உருட்ட விடமாட்டேன் என்பதற்காக. வேலை போனால் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் நாய்க்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவர் கம்பெனிக்கும் நல்ல புத்தியைத் தருவாராக, முதலில் யாருக்கு என்று நீங்களே வழக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே பேசப்போகும்,
கர்ட்

பி.கு.: என் கையெழுத்து உங்களுக்குப் புரியாது என்பதால், இதைத் தட்டச்சு செய்து தரச்சொல்லி டெலோரிஸ் அக்காவிடம் கொடுத்திருந்தேன். பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ‘களைத்த விரல்’ வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“யாருடா களைச்சது? யாருடா ஏழைப் பெண்மணி? நீ எழுதின தாள்ல போர்ப் பேய்னுதான் இருந்துது. படிச்சேன், போர் அடிச்சுது. அதான் மோர் அடிச்சேன்.”

“வேணும்னேவா அக்கா?”

“பின்னே, கை தவற நான் என்ன நேத்து வந்தவளா?”

“அப்ப ஏன் இத்தனை நாளா சொல்லலை?”

“எவன்டா கேட்டான்? வக்கீல் உன்னைக் கேட்டான். ஆர்டன் உன்னைக் கேட்டான். நீயும் உன்னையேதான் கேட்டுக்கிட்ட.”

அவள் அச்சகத்து ஆள். இரும்புக் கோபுரத்தின் காகிதம் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அவள் பௌலிங் அணியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறாளாம். இரண்டு பேரும் வியாழக்கிழமை வருகிறார்கள், உங்களுக்கும் ஆர்டனுக்கும் ஆளுக்கொரு நோட்டீஸோடு. அச்சுப்பிழை என்று நான் இப்போது சொன்னால் அதுதான் பொய்ச் சத்தியம். இனிமேல் புளித்ததற்கும் புளிக்காததற்கும் அவளிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தையும் முழுக்க அவள்தான் அடித்தாள். எங்கெங்கே போர் அடித்ததோ, எனக்குத் தெரியாது.