கொன்சொலாத்தோ நூச்சேராவின் கொழுப்பு இறங்கிய விதம்

கொண்டோஃபூரி, மார்ச் 9

அன்புள்ள மருமகன் டாக்டர் சவேரியோவுக்கு, மாமா கொன்சொலாத்தோ நூச்சேரா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமி பினாவும் நம் பெர்கமொத் எலுமிச்சை மரங்களும் சுகம். தூரினில் நீயும் உன் மாத்திரைகளும் சுகம்தானே?

டிசம்பரில் என் ரத்தத்தில் கொழுப்பு 287 என்று பார்த்துவிட்டு, "மாமா, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று மாதம் கொடு, நம் தோட்டத்துப் பழச்சாற்றிலேயே இறக்கிக் காட்டுகிறேன், தோற்றால் மாத்திரையை விழுங்கிவிட்டு இனி எந்த விருந்திலும் பெர்கமொத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்று சபதம் செய்தேன். அன்று முதல் தினமும் காலையில் ஒரு டம்ளர். சர்க்கரை கிடையாது. கசப்பு உச்சிமண்டைக்கு ஏறும். கொழுப்பைக் கரைக்கும் ஃபிளவனாய்டு சத்து தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைச் சதையில்தான் அதிகம் என்று நீயே வாய்தவறிச் சொன்னதால் அதையும் சுரண்டித் தின்றேன். பினா, "உங்க கொழுப்பு எந்தச் சாறுக்கும் இறங்காது" என்றாள். என் சித்தப்பா மகன், அவனும் தாத்தா பேர் வைத்த கொன்சொலாத்தோ நூச்சேராதான், ரொட்டியில் மிளகாய் போட்ட பன்றிக்கறி சாசேஜை அப்பிக்கொண்டு வேலியோரம் நின்று, "அண்ணே, இத மாடுகூடத் திங்காதுண்ணே" என்று சிரித்தான்.

போன வாரம் எனக்கும் அவனுக்கும் ரத்தப் பரிசோதனை. ரெண்டு கவரையும் நானே வாங்கிவந்து ஒன்றை அவனிடம் கொடுத்தேன். எனக்கு 168! சர்ச் வாசலில் பாதிரியாருக்கே படித்துக் காட்டினேன். அவனுக்கு 291. மூஞ்சி செத்துப்போச்சு. "அண்ணே, நான் போயிடுவேனா?"ன்னு அழறான். அவன் வீட்டு சாசேஜையெல்லாம் பிடுங்கிட்டு வந்துட்டேன். 168 உள்ளவன் தின்னா என்னவாம், தின்னேன். அவனுக்கு டம்ளர் டம்ளரா சாறு ஊத்தறேன், மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறான் பாவம். ஆகவே டாக்டரே, உன் மாத்திரை தூரின்லயே இருக்கட்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நூறு வயது வாழ மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வென்ற மாமா

பி.கு.: இந்தக் கடிதத்தின் கவரை ஒட்டுமுன் பினா, தம்பியிடம் இருந்ததையும் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு ரிசல்ட்டையும் பார்த்தாள். பேர் ஒண்ணுதான், பிறந்த வருஷம் வேற. 168 தம்பியுடையது. சாசேஜைத் திருப்பிக் கேட்டு வேலியோரம் நின்று கத்துகிறான். ஒரு துண்டு மிச்சமில்லை. மாத்திரையை அனுப்பிவை. சபதப்படி இனி பெர்கமொத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். மாத்திரையை பெர்கமொத் சாறோடு விழுங்கலாம்தானே?