‘ஆ’ காட்டச் சொன்ன சாமி

லாலாகுடா ரயில்வே லைன் வீடுகளில் அந்த மாசி மாதம் மாரியம்மனுக்கே மவுசு குறைந்துவிட்டது. இருந்த மவுசெல்லாம் முத்துவாக்குச் சாமிக்குப் போய்விட்டது. எந்தப் பிள்ளைக்கு அம்மை வரும் என்று இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுவார். சொன்னால் வந்தே தீரும். ஆத்தா தன் டைம்டேபிளை அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறாள் என்று லைனே நம்பியது.

அலமுவும் நம்பினாள். நான்கு வயது மகள் வேதாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. ரயில் கார்டான புருஷன் வாடி ஜங்ஷன் பக்கம் டூட்டிக்குப் போயிருந்தான். பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் ஓடினாள்.

வேப்ப மரத்தடியில் ஒரே பாய். காய்ச்சல் பிள்ளையும் சுகமான பிள்ளையும் அதில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சாமிக்குப் பேதம் கிடையாது. அம்மைக்கும் கிடையாது. பிறகு வாக்கு எப்படிப் பலிக்காமல் போகும்?

“ஆ காட்டு கண்ணு, பிரசாதம்!”

வேதா வாயைத் திறந்தாள். சாமி அவள் கன்னத்தை விரலால் ஒதுக்கி, நாக்கில் திருநீறு போட்டு, உடம்பை முறுக்கினார்.

“ஆத்தா வர்றா! நாளன்னைக்கு முத்துப் போடுவா. டாக்டர்கிட்ட போனா கோவிச்சுக்குவா. ஒரு சேவலோட வா, இறக்கி வைக்கிறேன்.”

அப்போதுதான் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு, பாய்லர் ஃபிட்டர், முன்னால் வந்தார்.

“சாமி, காலையில பிள்ளைங்களைக் கிழக்கே பார்க்க வெச்சீங்க. சாயங்காலம் மேற்கே பார்க்க வெக்கிறீங்க. கைக்கு, எதுக்கு?”

“ஆத்தா இருக்கிற திசைடா அது!”

“ஹவ், ஆமா. சூரியனும் அங்கதான் இருக்கு. நானும் இருபது வருசமா பாய்லருக்குள்ள பார்க்கிறவன். வெளிச்சமில்லாம உள்ளே ஒண்ணும் தெரியாது.” தோளில் கிடந்த துண்டால் வேதாவின் வாயை மூடினார். “அடுத்த பிள்ளைக்கும் இப்படி மூடுறேன். வாயைப் பார்க்காம வாக்குச் சொல்லுங்க.”

சாமி முறுக்கினார். முனகினார். கடைசியில், “இன்னைக்கு ஆத்தா மௌன விரதம்” என்றார்.

அய்யாக்கண்ணு வேதாவை வெயிலுக்குத் திருப்பினார். “அலமு, கடவாய்ப் பல்லுக்கு எதிர்ல கன்னத்துக்குள்ள பாரும்மா.”

சிவந்த சதையில் ரவை சிந்தியதுபோல் வெள்ளைப் பொட்டுகள்!

“மணல்வாரி அம்மைக்கு முன்னாடி இது வரும். என் மக சாந்தாவுக்கு வந்தப்போ டாக்டரே காட்டினாரு. இதைப் பார்த்ததும் பிள்ளையைத் தனியா வெச்சிருக்கணும். இந்த ஆளு பாய் விரிச்சு மத்ததுக்கும் பரப்பிட்டாரு.”

“டாக்டர்கிட்ட போனா ஆத்தா கோவிச்சா?” என்றாள் அலமு.

“பிள்ளையைக் காப்பாத்தினதுக்கு எந்த ஆத்தாம்மா கோவிப்பா?”

அலமு ஓடினாள். சளி நெஞ்சில் கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் கழித்து வந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அதற்குள் மரத்தடியில் மற்ற தாய்மாரும் தங்கள் பிள்ளைகளை வெயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு வாய்களில் அதே ரவை. நிமிர்ந்து பார்த்தால் சாமியைக் காணோம். சேவல்களையும் காணோம்.

வேதாவுக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அய்யாக்கண்ணு சொன்னபடியே முத்துப் போட்டது. வேதா மூச்சு சீராகிக் கஞ்சி கேட்ட அன்று, லைனே மாலையோடு அய்யாக்கண்ணு வாசலில் நின்றது.

“பாய்லர் சாமி! உங்களுக்குச் சேவலா, பெட்டையா?”

அய்யாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

“எனக்கு எதுவும் நக்கோ, வேணாம்! பிள்ளை வாயைத் திறக்கிறப்போ நீங்க கொஞ்சம் கண்ணைத் திறங்க, அது போதும்!”